கந்தகம் பூசிய காளான்

தாவரவியலில் பட்டம் பெற்று, விருதுநகரில் கல்லூரி ஆசிரியராகப் பணியேற்ற மறு ஆண்டு எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி நடத்திவந்த ஒருவரின் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு திருமண வீட்டில் அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை நான் கண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த வேறு ஜாதகங்கள் எதையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை என்பதோடு அந்தச் செய்தியை நிறுத்திக்கொள்வது முறை.

தடையாக நின்றது என் படிப்பு. பெண்ணின் தந்தை என் தாய்மாமனிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "கெமிஸ்ட்ரி படிச்சிருந்தாலும் நம்ம வெடிமருந்து ரூமுக்கு ஆகும். செடி கொடி தன்னால வளருது. அதுக்கு எதுக்குய்யா ஒரு வாத்தியாரு?"

என் துறையைப் பற்றி அவ்வாறு பேசியவரின் வீட்டுக்கு மருமகனாகப் போக என் தன்மானம் இடம் தந்திருக்கக் கூடாது. தந்தது.

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி லாரிகள் சும்மா நின்ற நேரம். மாணவர்களைச் செண்பகத்தோப்புக் காட்டுக்கு அழைத்துச் செல்ல எனக்கும் ஒரு வண்டி தேவைப்பட்டது. மாமா போய்க் கேட்டார். "லாரி என்ன லாரி, நானும் வர்றேன். மாப்பிள்ளைப் பையன் என்னதான் வேலை பாக்கான்னு பாத்துருவோம்" என்று பதில் வந்தது.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெய்த மழை ஓய்ந்து, மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. முழுக்கைச் சட்டையும் பூட்சுமாக நான் முன்னே நடக்க எண்ணியிருந்தேன். ஆனால் பெண்ணின் தந்தை வேட்டியை மடித்துக் கட்டி, குடையைக் கையில் சுழற்றியபடி எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். திடீரென்று நின்றார்.

"யாரும் அசையாதீக! எவனாவது பீடி கீடி பத்தவச்சீக, தொலைச்சுப்பிடுவேன்!"

மாணவர்கள் நின்ற இடத்திலேயே உறைந்துபோனார்கள். அவர் காலடியில், மரத்து வேருக்கு அருகே, உள்ளங்கை அகலத்தில் ஒரு காளான் இருந்தது. அதன் தலை முதல் தண்டு வரை பளீரென்ற மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

"கந்தகம்" என்றார். "பன்னிக்கு வெடி வைக்க எவனோ இங்கன உக்காந்து மருந்து கலந்திருக்கான். நம்மளக் கண்டதும் ஓடியிருப்பான். இன்னும் எங்கன எம்புட்டுக் கெடக்கோ!"

நான் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் என் நெஞ்சு துள்ளியது. நூலில் படித்து, அதுவரை நேரில் கண்டிராத ஒன்று என் முன்னால் இருந்தது.

"மன்னிக்க வேண்டும் ஐயா. இது கந்தகம் அல்ல. காளான் மீது வளர்கிற வேறொரு பூஞ்சை. காளானைத் தின்று வாழ்வது. இந்த மஞ்சள் பொடி அதன் வித்து."

"காளான் மேல இன்னொரு காளானா? யாருக்குக் கதை சொல்லுதீக? விவரம் தெரிஞ்ச நாள்லயிருந்து இந்தக் கந்தகத்தத்தான் கையில அள்ளுதேன்!"

மாமா என் முழங்கையைக் கிள்ளினார். "ஏலே, கந்தகம்னு சொன்னா ஒனக்கு என்னலே கொறஞ்சு போச்சு? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைலே. பொண்ணு வேணுமா, பூஞ்சை வேணுமா?"

எனக்கு அந்தத் திருமணம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஆயினும் என் மாணவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளும் அவர்கள் முன் கரும்பலகையருகே நிற்க வேண்டியவன் நான்.

"ஐயா, நெருப்பு வைத்துப் பாருங்கள்" என்றேன். "கந்தகம் எப்படி எரியும் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைத் தேக்கிலையில் எடுத்துக்கொண்டு, ஓடைக்கரைப் பாறைக்குத் தனியே போய்க் குந்தினார். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கையை நீட்டித் தீக்குச்சியைக் கிழித்தார். மாமா ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

கந்தகத்துக்குரிய நீலச் சுடர் எழவில்லை. மூக்கை அடைக்கும் நெடியும் இல்லை. பொடி சுருண்டு கருகி, மயிர் பொசுங்கிய வாடை மட்டும் இலேசாக வந்தது. அவர் இன்னொரு குச்சியைக் கிழித்தார். அப்போதும் அதே வாடைதான். நெடுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு குலுங்குவதைக் கண்டு நான் அஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா! என்னையவே ஏமாத்திப்பிட்டுதே இந்தக் கழுதை! வாத்தியாரே, இது மாதிரி வேற எங்கன இருக்கு? காட்டுங்க!"

அதன் பிறகு அது என் வகுப்பாக இல்லை, அவருடைய வேட்டையாகிவிட்டது. விழுந்த மரத்தில் அலமாரித் தட்டுப்போல ஒட்டியிருந்த கட்டைக் காளானைக் குடை நுனியால் சுட்டினார். அதன் மேல் பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. வதங்கிய மெல்லிய குடைக்காளான் ஒன்றில் நரைமயிர்போல இழைகள் நின்றன. ஒவ்வோர் இழையின் நுனியிலும் குண்டூசித் தலைபோல ஒரு கரும்புள்ளி. "கம்பி மத்தாப்பு!" என்று ஒரு மாணவன் கத்தினான். அழுகிக் கறுத்த பெரிய காளான் ஒன்றின் தலையில் குட்டி வெள்ளைக் காளான்கள் கூட்டமாக முளைத்திருந்தன. அதைக் கண்டு அவர் மண்டியே போட்டுவிட்டார்.

"மரம் உழைச்சுச் சேத்தத இது திங்குது. இத அது திங்குது. அப்ப அது கம்பெனிக்கு மேல கமிஷன் ஏஜெண்டு. சரிதானா?"

"சரிதான் ஐயா. சில இடங்களில் அந்தப் பூஞ்சையின் மீதும் மூன்றாவதாக ஒன்று வளர்வதுண்டு."

"அது இன்ஸ்பெக்டரு!"

மாணவர்கள் முன்னிலையில் நான் சிரிப்பதில்லை. அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

"இந்த மாதிரி மொத்தம் எம்புட்டு வகை இருக்கும்?"

"யாரும் இன்னும் எண்ணி முடிக்கவில்லை ஐயா."

இந்தப் பதில் அவருக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது. திரும்பும் வழியில் முன்னிருக்கையை மாமாவுக்கு விட்டுவிட்டு, லாரியின் பின்தட்டில் மாணவர்களோடு அமர்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். விருதுநகரில் எங்களை இறக்கிவிட்டபோது, காளான் பொதிந்த ஒரு காகிதப் பொட்டலத்தை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார். திருமணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் நான் சரியாக உண்ணவில்லை. மார்கழி பிறப்பதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று மாமா திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினார். மாலையில் வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"அந்த வீட்டுல எல்லாருமே சம்பந்தம் முறிஞ்சு போச்சுன்னுதாம்லே நெனச்சிருந்தாக. காட்டுக்குப் போய்ட்டு வந்த மனுசன்கிட்ட, 'பையன் எப்படி இருக்கான்?'னு அந்த அம்மா கேட்டிருக்காக. 'காளான் மேல காளான் மொளைக்குதுடீ!'னு இவுக சொல்லியிருக்காக. நாலு தடவை கேட்டாலும் அதே பேச்சுத்தானாம். கடைசியில அந்தப் பொண்ணுதான் உள்ள இருந்து, 'அந்த வாத்தியாரயே வரச் சொல்லுங்கப்பா, நானும் கேக்கணும்'னுச்சாம்."

"அவர் என்ன சொன்னார்?" என்றேன்.

"கல்யாணத்தத் தையில வச்சுக்கிடலாமாம். ஆனா மழை விடுறதுக்குள்ள இன்னொருக்கா காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். வீட்டுப் பொம்பளைகளும் வருவாகளாம். ரெண்டுல எதுக்கு அந்த மனுசன் ரொம்பத் துடிக்காகன்னு எனக்கு வெளங்கலலே."

இரண்டுக்கும் எனக்குச் சம்மதம் என்று அன்றிரவே சொல்லி அனுப்பினேன்.