இன்னும் ஒரே ஒரு கோட்

இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணைப் படகின் மூக்குக்கு நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பின்னால் மனைவி காப்பி டம்ளரோடு நிற்கிறாள். டம்ளரைப் படகின் மேல் வைக்கக் கூடாது. படகைத் தவிர அந்த முன்னறையில் எதையும் வைக்க இடமும் கிடையாது. ஆகவே அவர் பார்த்து முடிக்கிறவரை அவள் நின்றுதான் ஆக வேண்டும்.

"இங்க ஒரு மயிரிழை தூக்கிருக்கு," என்கிறார் கடைசியில். "கண்ணு பொய் சொல்லாதும்மா."

"காப்பி ஆறுதுங்க."

"அது ஆறினா சுட வச்சுக்கலாம். இது தூக்கினா தூக்கினதுதான்."

தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிறார். கடையிலும் அதே ஒற்றைக் கண் பார்வைதான். கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று வருகிறவரை எதிரே உட்கார வைத்து, இடது கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பிரேம் சரியாத்தான் இருக்கு. உங்க காதுதான் ஒண்ணு கீழ இறங்கிருக்கு," என்பார். அந்த மனிதர் அதுவரை நிம்மதியாக வாழ்ந்தவர். அன்று முதல் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றவர்கள் வீட்டுக்குள் படகு கட்டுகிறவனைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. "மூணே மாசம்" என்று சொல்லித்தான் அவர் ஆரம்பித்தார். முன்னறை அப்போது மனைவியின் தையலறை. அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்குப் போகும் இடைவழிக்கு நகர்ந்தது. வெட்டுமேஜை சுவரோரம் செங்குத்தாக நின்றது. அவளும் மூன்று மாதம்தானே என்று சும்மா இருந்தாள். மூன்று மாதம் என்றது மூன்று வருடமாகி, அதுவும் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

படகின் நீளத்துக்கு வரிசையாகப் பலகை அச்சுகள் நிறுத்தி, அவற்றின் மேல் விரல் அகல மர ரீப்பர்களை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒட்டியது காய்கிறவரை பிடித்துக்கொள்ள எல்லோரும் சின்ன ஆணி அடிப்பார்கள். ஓட்டை தெரியுமே என்று இவர் அடிக்கவில்லை. "ஆணி அடிக்கறது அவசரக்காரன் வேலை," என்றார். அதனால் வீட்டிலிருந்த துணி கிளிப்புகள் அத்தனையும் படகுக்குப் போயின. கொடியில் காய்ந்த சேலைகள் அடுத்த வீட்டு மாடிக்குப் போயின. கடைசியில் தன் இடுப்பு பெல்ட்டையும் கழற்றிப் படகுக்குக் கட்டிவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே கடைக்குப் போனார். கண்ணாடி மாற்ற வந்தவர்கள் அவருக்கு வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். அச்சுகளின் விளிம்பில் பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிட்டு ரீப்பர் போட வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். டேப் இல்லாவிட்டால் பசை அச்சிலும் பிடித்துக்கொள்ளும். "பசையைச் சிந்தறவனுக்குத்தான் டேப்," என்றார் இவர். முழுப் படகும் ஒட்டி முடித்து, தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னபோது, படகோடு அச்சும், அச்சோடு அடிப்பலகையும் சேர்ந்து எழுந்தன. பிரசவ அறை வாசலில் நிற்பவர் மாதிரி அவர் முகம் வெளுத்தது. அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க, கவிழ்ந்து கிடந்த படகுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு அச்சுகளைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார். வெளியே கால் மட்டும் தெரியும். "சாப்பிட வர்றீங்களா?" என்று மனைவி அந்தக் காலிடம்தான் கேட்பாள். இப்போது யாராவது அதைப்பற்றிக் கேட்டால், "அச்சு உள்ள இருந்தா மரம் நல்லா செட் ஆகும், அதான் விட்டுவச்சேன்," என்கிறார்.

அப்புறம் கண்ணாடி நார்த் துணி போர்த்தி ரெசின் பசை ஊற்றினார். வீட்டுக்கே தலைவலித்தது. அப்புறம் உப்புத்தாள் தேய்ப்பு. சோற்றில் மரத்தூள், தலையணையில் மரத்தூள். அப்புறம் வார்னிஷ். ஒரு கோட் அடிப்பார், காய்ந்ததும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், தூசு ஒன்று ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிப்பார், தேய்ப்பார், "இன்னும் ஒரே ஒரு கோட்," என்பார். வருகிறவர்கள் வாயைப் பிளந்து பாராட்டினால் அவருக்குப் பிடிக்காது. கையைப் பிடித்து இழுத்துப்போய், அவர்கள் கண்ணுக்குத் தெரியாத குறையை விரலால் தொட்டுக் காட்டுவார். தெரிகிறது என்று அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது.

எப்போது தண்ணீரில் விடுவீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் வானத்தைக் குறை சொல்வார், ஏரியைக் குறை சொல்வார்.

போன வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வந்தார். பிள்ளைகளின் சீருடை முழுவதையும் கப்பல்காரர் மனைவியிடமே தைக்கக் கொடுக்கலாம் என்று எண்ணம். இடைவழியில் மெஷின் இருந்ததைப் பார்த்தார். முன்னறையில் படகு இருந்ததைப் பார்த்தார். "துணி வெட்டறது எங்கம்மா?" என்று கேட்டார். அவள் சுவரோரம் செங்குத்தாக நின்ற மேஜையைக் காட்டினாள். "திங்கட்கிழமை துணிக்கட்டு அனுப்பறேன். வெட்டுமேஜை போட்டிருந்தா இறக்கிக்குங்க. இல்லேன்னா வண்டியைத் திருப்பிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடமாக ஜாக்கெட்டுக்குப் பொத்தான் வைத்தே காலம் தள்ளியவளுக்கு, தேடி வந்த முதல் பெரிய வேலை அது.

அன்று அவள் அழவில்லை, கத்தவில்லை. சமையலறையிலிருந்தபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை இது ஏரிக்குப் போகுது. தம்பிகிட்ட பேசிட்டேன். அவன் ஷெட்டுலயே இருக்கட்டும்." அவள் தம்பி ஏரியில் வாடகைப் படகு விடுகிறவன். அந்தக் குரலைக் கேட்ட கப்பல்காரர், உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

படகு வெளியே வராது என்று தெருவே ஆசையோடு காத்திருந்தது. ஜன்னல் கம்பியை அறுத்து எடுத்ததும் அது கட்டைவிரல் இடைவெளி விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "ஆரம்பிக்கும்போதே அளந்தாச்சு," என்று அவர் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துச் சொன்னார். தோற்றிருந்தால்கூட அவரைச் சகித்துக்கொண்டிருக்கலாம்.

மைத்துனன் முழங்கால் தண்ணீரில் நின்று படகை இறக்கினான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. தேன் நிறத்தில், ஒரு ரீப்பரும் பிசகாமல், தண்ணீர் அலுங்காமல் நின்றது. மனைவிக்கே ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துவிட்டது. இதையா இத்தனை நாள் திட்டினோம் என்று நினைத்தாள்.

அதற்குள் கப்பல்காரர் குனிந்துவிட்டார். இடது கண் மூடியிருந்தது.

"மூணாவது ரீப்பர்ல வார்னிஷ் மங்கிருக்கு. எடுடா, எடு. வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்."

"முதல்ல ஏறிப் பாருங்க மாமா."

"ஏறினா கீறிடும்டா! இன்னும் ஒரே ஒரு கோட். ஒரே வாரம்."

துணிக்கட்டு வண்டி வாசலில் வந்து நின்று திரும்பிப் போவதை மனைவி மனக்கண்ணில் பார்த்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். கரையோரத்துச் சரளை மண் ஒட்டிய செருப்போடு தண்ணீரில் இறங்கி, ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள்.

"செருப்பு! அடியே, செருப்பு!"

கர்ர்ர் என்று அந்தச் சத்தம் கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அவள் மற்ற காலையும் வைத்து உட்கார்ந்தாள்.

"கீறிடுச்சுங்க," என்றாள். "இனிமே பயமில்ல."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையில் துடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். ஆயுளில் அவள் படகில் ஏறியதில்லை. துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். படகு முதலில் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் அவள் மெஷின் மிதிக்கிறவளுக்கே உரிய நிதானத்தோடு ஒரு பக்கம் போட்டு, மறுபக்கம் போட்டு, எதிர்க்கரையில் தெரிந்த தம்பியின் ஷெட்டைப் பார்த்து அதைத் திருப்பினாள். வீடு இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பல்காரர் கரையோடு கூடவே ஓடினார். ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் தண்ணீரிலுமாக நின்றார். நீச்சல் தெரியாதவள் தனியாகப் போகிறாளே என்று கூப்பிடப் போகிறார் என்றுதான் மைத்துனன் நினைத்தான்.

"நடுவுல உக்காரும்மா!" என்று கத்தினார் அவர். "ஒரு பக்கமா சாயுது, மட்டம் கெடுது!"

படகு ஷெட்டின் நிழலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நிமிர்த்தி, இடது கண்ணை மூடினார்.