கள்ளிக்கு ஊற்றிய அபிஷேகத் தண்ணீர்

புளித்த பால் வாடை... சமையல் கட்டில் பானை சட்டியெல்லாம் மோந்து பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை. வாடை வந்தது வாசலில் நின்ற கள்ளிச்செடியிலிருந்து.

ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்த காலம். கல்யாணமான வருஷம், துரை பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தச் செடியை என் வீட்டுக்காரர் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். பதினெட்டு வருஷத்தில் கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டது.

அடித்தண்டை அழுத்தினால் விரல் உள்ளே போனது. பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா பார்த்துவிட்டு, "வத்துர வெடியி நங்கி, தண்ணி கூடிப்போச்சு" என்றார், சிங்களமும் தமிழும் கலந்து.

அப்போதுதான் உறைத்தது. ஒரு நேர்த்திக்கடனுக்காக நாற்பத்தெட்டு நாள் வீட்டு வேலுக்குப் பாலபிஷேகம் செய்திருந்தேன். அபிஷேகத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாதே என்று, தினமும் ஒரு செம்பு கள்ளியின் அடியில்...

"விட்டுரும்மா. அழுகுனது அழுகுனதுதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அழுக வச்சது நானு. நானே பாத்துக்கிறேன்."

கத்தியை வெந்நீரில் கழுவி வெட்டினேன். உள்ளே பழுப்பு வளையம். இன்னும் மேலே வெட்டினேன், அங்கேயும் பழுப்பு. மூன்றாவது வெட்டில்தான் சுத்தமான பச்சை. மிஞ்சியது ஒரு முழம்.

வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவினேன், மனசு கேட்காமல் கொஞ்சம் திருநீறும். நிழலில் இரண்டு வாரம் காய வைத்து, ஆற்று மணலும் செங்கல் தூளும் போட்டு நட்டேன். தண்ணீர் விடாத ஒவ்வொரு நாளையும் கொப்பியில் குறித்தேன். வேலை விட்டு வந்ததும் அவர், "பேஷண்ட் எப்படிங்க டொக்டர்?" என்று கேலி செய்வார்.

ஒரு நாள் காலையில் செடியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. வேர் பிடித்துவிட்டது!

இப்போது கேகாலையில் இருக்கிறோம். செடி என் இடுப்பு உயரம். அடி மறுபடியும் பழுப்பாகி மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் அழுகல் என்கிறார்கள். இல்லை, கல்லு மாதிரி இருக்கிறது... அது வயசு.

அன்று பக்தியில் ஊற்றினேன். இன்று அபிஷேகத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. அடைமழை மாதங்களில் கள்ளிக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

போன வாரம் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "அதுக்குத் தண்ணியக் கொறச்ச, எனக்குச் சீனியக் கொறச்ச. ரெண்டு பேரையும் லேசுல விடமாட்ட போல."

"ஆமாங்க," என்றேன், "விடமாட்டேன்."