கொச்சிக்காரரின் புளிக்காத அப்பம்

எங்கள் கரையில் செதில் இல்லாத மீனுக்குத்தான் ருசி அதிகம். திருக்கை, சுறா, கணவாய். இன்றைக்குக் கணவாய் ஐஸ் பெட்டியில் ஏறி வெளிநாடு போகிறது. அன்று சட்டியைத் தாண்டிப் போகாது. அதையெல்லாம் கையாலும் தொடாத ஒருவர் வருடா வருடம் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கினார் என்றால், அம்மா எவ்வளவு சிரித்திருப்பாள். சங்கு வாங்க வருகிற கொச்சிக்காரர். யூதர். செதில் உள்ள மீன்தான் தின்பார். சனிக்கிழமை அடுப்புப் பற்றவைக்க மாட்டார்; நமக்கு ஞாயிறு எப்படியோ அவருக்குச் சனி.

அப்பா சங்கு குளிக்கிறவர். கடலுக்குப் போகாத நாட்களில் இருவரும் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து ஆபிரகாம், மோசே, தாவீது ராசா என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவரை இருவருக்கும் ஒரே கதை. அப்புறம் எங்கேதான் பிரிகிறது என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நமக்கு ரட்சகர் வந்துட்டு, திரும்பி வாரேன்னு போயிருக்காரு. அவியளுக்கு இன்னும் வரவே இல்ல. ரெண்டு கூட்டமும் கடலைப் பாத்துத்தான் நிக்கோம்," என்றார் அப்பா.

அந்த வருடம் சங்கு ஏற்ற வேண்டிய லாரி பிந்தியதில் கொச்சிக்காரரால் ஊர் திரும்ப முடியவில்லை. அவருடைய பண்டிகையும், ஈஸ்டருக்கு முந்தின எங்கள் பெரிய வாரமும் ஒன்றாய் வந்தன. புதன்கிழமை அந்தியில் அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து, மெல்லிய வட்ட அப்பம் ஒன்றை எடுத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் திராட்சை ரசம். கண்ணை மூடி ஏதோ சொல்லி, அப்பத்தைப் பிட்டார். தனியாகச் சாப்பிடக் கூடாத சாப்பாடாம். வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். தின்றேன்.

எனக்கு ஏழு வயது. நான் படித்த படிப்பெல்லாம், முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக உபதேசியாரிடம் போன இரண்டு மாதம்தான். அந்த வட்ட அப்பத்தைக் கோயில் கடைசியில் நின்று, பூசை வைக்கும் சாமி தூக்கிக் காட்டும்போது பார்த்ததோடு சரி. புதுநன்மைக்கு முன்னால் அதைத் தின்றால் நரகம் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். யேசுவைக் கொன்றது யூதர்கள் என்றும் சொல்லியிருந்தார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் உபதேசியாரிடம் ஓடிப்போய், கொச்சிக்காரர் கோயில் அப்பத்தை எடுத்துவந்து எனக்கும் கொடுத்தார் என்று அழுதேன்.

அப்பா கடலில் இருந்தார். ஆட்கள் வந்து டப்பாவை மணலில் கவிழ்த்தார்கள். கொச்சிக்காரர் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். ஒருவன் அந்தக் கையை மிதித்தான். எகிப்திலிருந்து தப்பி ஓடிவந்தபோது மாவு புளிக்க நேரமில்லாமல் எங்கள் பெரியவர்கள் சுட்ட அப்பம் இது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் கேட்டார்கள்? வாங்கிய சங்கையெல்லாம் விட்டுவிட்டு, வெயிலில் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

மத்தியானம் சாமி பக்கத்து ஊரிலிருந்து வந்து, நற்கருணைப் பெட்டியைத் திறந்து பார்த்து, எதுவும் குறையவில்லை என்றார். எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். கரையேறிய அப்பா மட்டும் ஈர வேட்டியோடு ரோட்டுக்கு ஓடினார். பஸ் போயிருந்தது.

யேசு சீடர்களின் கால் கழுவி, அப்பம் பிட்டுக் கொடுத்த ராத்திரியின் நினைவாக, சாயங்காலம் கோயிலில் சாமி கால் கழுவும் பன்னிரண்டு பேரில் அப்பாவும் ஒருவர். அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. வீட்டில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அவரு பிட்டுக் குடுத்தாரா?"

"ஆமாப்பா."

"நீ தின்னியா?"

"தின்னேன்."

அடிக்கவில்லை. அதன்பிறகு சாகும்வரை அப்பா நற்கருணை வாங்கவில்லை. கடைசி நாளில் சாமி கொண்டுவந்தபோதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொச்சிக்காரர் வரவே இல்லை.

ஈஸ்டர் கழிந்து எனக்குப் புதுநன்மை. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுதிரி. நாக்கில் வைத்தவுடனே தெரிந்துவிட்டது. உப்பில்லை, புளிப்பில்லை, அதே ருசி. அப்படியென்றால் நான் சொன்னது சரிதான், அவர் கோயிலிலிருந்துதான் எடுத்திருக்கிறார். சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன், அப்பாவிடம் சொல்ல.