ஆவி பறந்த சோறு

ஒரு சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட்டுக்கொண்டே தம்பி சொன்னான்: "இப்பல்லாம் மதியம் சோறு ஆவி பறக்குதுக்கா. முன்னெல்லாம் வெதுவெதுன்னுதான் இருக்கும்."

சிதம்பரத்தில் என்னோடுதான் தங்கியிருக்கிறான். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர். ஆலைக் குழாய்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. அவனுடைய ஆலையும் அதில் அடக்கம். காலையில் போனதும் டப்பாவை ஏதோ ஒரு சூடான குழாயில் சாய்த்து வைப்பான் என்று தெரியும். எந்தக் குழாய் என்று அன்றுதான் கேட்டேன்.

"நாத்தத் தண்ணி லைன்தான். அந்த வளைவுல வெச்சா டப்பா அசையாம நிக்கும்."

அதில் ஓடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்த உப்புத்தண்ணீர். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயு அதிகமாகக் கசிந்தால் இரண்டு மூச்சில் ஆள் காலி. குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்தத் தண்ணீருக்கு அந்த எஃகு அறுபது டிகிரி வரைதான் தாங்கும் என்று வரம்பு வைத்துத்தான் போட்டிருந்தார்கள். அறுபதில் சோறு ஆவி பறக்காது.

மறுநாள் காலை நேரே மேலாளர் அறைக்குப் போனேன். திரையில் எழுபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் மறைக்கக்கூட இல்லை.

"சூடு கொஞ்சம் ஜாஸ்தி வெச்சா வாயு சீக்கிரம் பிரியுது மேடம். எவர்சில்வர்தானே, என்ன ஆவும்? உங்க வீட்டுல அதுலதானே சாம்பார் கொதிக்குது?"

சமையல்கட்டைப் பற்றி எனக்குப் பாடம். என் சாம்பாரில் விஷவாயு கிடையாது. என் பாத்திரம் அழுத்தத்தில் விறைத்து நிற்பதும் கிடையாது. இரும்பு என்றால் துருப்பிடித்தாவது காட்டிக்கொடுக்கும். இது வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே வெடிப்பு விடும், உப்பும் அந்த வாயுவும் சூடும் சேர்ந்தால். இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "உங்க தம்பி இங்கதான வேலை பாக்கறாரு?" என்றான். அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்திக் கழற்றாவிட்டால் சான்று கிடையாது, தலைமை அலுவலகத்திடம் நானே பேசுகிறேன் என்று கத்திவிட்டு எழுந்தேன்.

வெளியே தம்பி காத்திருந்தான். "என் வேலைக்கு வேட்டு வெச்சுடாதக்கா."

அவன்மேலும் கோபம் வந்தது. யாருக்காகக் கத்தினேன் என்று நினைத்தான்?

அந்த வாரமே குழாயைக் கழற்றினார்கள். வளைவை வெட்டிப் பிளந்து, உட்புறத்தில் விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோடுகள் மேலெழும்பின. முடி மாதிரி மெல்லிசு, கிளை கிளையாக. ஒன்று மறுபக்கத்தைத் தொட நூலளவுதான் பாக்கி. திருப்பிப் பார்த்தேன். வெளியே அதே இடத்தில் டப்பா உரசி உரசி விழுந்த தேய்மானம்.

மேலாளர் எட்டிப் பார்த்தான். "அதான் ஒண்ணும் ஆவலையே மேடம்."

அடிக்கத்தான் கை வந்தது. அவன் இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். தம்பியைத்தான் மூட்டை கட்டும் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கே சூடான குழாய் எதுவும் இல்லை.

"சோறு சில்லுனு கெடக்குதுக்கா," என்று நேற்றும் முணுமுணுத்தான்.

"தின்ன நீ உசுரோட இருக்க இல்ல? பேசாம தின்னு," என்றேன்.