கால்தடம் அழிக்கிற எர்லின்

எர்லின் பகாவுக்கு நிலாவில் வேலை. ஃப்ளாக்ஸ்டாஃப் ஊரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள். மரம் அறுக்கும் ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவளுக்கு, ஊருக்கு அப்பால் எரிமலைச் சாம்பல் காட்டில் கிடைத்த வேலை அது. வெடி வைத்துப் பள்ளம் பள்ளமாகப் பறித்து, அரிசோனா மண்ணைச் சந்திரனாக்கி வைத்திருந்தார்கள். நிஜச் சந்திரனுக்குப் போகப்போகிறவர்கள் கனத்த உடுப்பை மாட்டிக்கொண்டு நடந்து பழகுவார்கள். எர்லின் பின்னாலேயே போய், இரும்புப் பல் வாரியால் அவர்கள் கால்தடத்தை அழிப்பாள். அடுத்து வருகிறவருக்கு யாரும் மிதிக்காத தரை வேண்டுமே.

அந்த இடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒத்திகை தொடங்கிவிட்டால் உதவி ஆட்கள் அங்கே இல்லை என்று கணக்கு. பக்கத்திலேயே நின்றாலும் இல்லை. உடுப்புக்காரர் அவர்களைக் கூப்பிடக் கூடாது, அவர்களும் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கூத்து எர்லினின் மண்டையில் ஏறவே இல்லை. போன மாதம் டேல் ஹ்யூவிட் என்ற விண்வெளி வீரர் வேண்டுமென்றே விழுந்து எழுந்து பழகியபோது, இவள் வாரியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். அன்றைய ஒத்திகை பாழ்.

"சந்திரன்ல கைத்தாங்கலுக்கு ஒரு அம்மா இருக்காங்கப்பா, பயப்படாம போய்ட்டு வாங்க," என்றார் மேற்பார்வையாளர் மெர்ட்டன், லாரி ஒலிபெருக்கியில். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தனியே கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படிப் பண்ணினே, வீட்ல போய் பீன்ஸ் வேகவச்சுக்கிட்டு இரு," என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மயங்கி விழுந்தவரை மீட்கும் ஒத்திகை. ஹ்யூவிட் மயங்கியதுபோல் கிடக்க வேண்டும், தூரத்துப் பள்ளத்திலிருந்து கூட்டாளி தேடி வந்து இழுத்துப்போக வேண்டும். ஹ்யூவிட் சாய்ந்து படுத்தார். எர்லின் நாலடி தள்ளி நின்றாள். சும்மா கிடக்கிறவர் பொழுது போகாமல் சாம்பலில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

தாளம் நின்றது. முகக் கண்ணாடி உள்ளுக்குள் மூச்சாவி படிந்து வெள்ளையாகப் பூத்தது.

எர்லின் குனிந்து பார்த்தாள். நடிக்கிறாரோ? நன்றாக நடிக்கக்கூடிய ஆள்தான். போய்த் தொட்டு, அவர் எழுந்து சிரித்தால் வேலை போச்சு. தொடாமல் நின்று, அவர் எழாமலே போய்விட்டால்? கூட்டாளி இன்னும் மேட்டைத் தாண்டவில்லை.

"அசையாம கிடக்கறார் பாருங்க, பிரமாதம்," என்றது ஒலிபெருக்கி.

'அசையாம' என்ற சொல்லைக் கேட்டதும் அவள் ஓரடி முன்னே வைத்தாள். வாரியைப் போட்டாள்.

"எர்லின், மறுபடியுமா?" என்று கத்தினார் மெர்ட்டன்.

அவள் திரும்பவில்லை. தலைக்கவசப் பூட்டு கைக்குச் சிக்காமல் வழுக்கியது. கழன்றபோது உள்ளே முகம் நீலம் பாரித்திருந்தது. அவர் ஒருமுறை திணறி, பெரிதாக மூச்சை இழுத்தார். முதுகுப்பெட்டியில் காற்று தள்ளும் விசிறி நின்றுபோயிருந்தது. மெர்ட்டன் ஓடி வந்து பார்த்தார். பீன்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லாரி நிழலில் ஹ்யூவிட்டுக்குத் தண்ணீர் கொடுத்தபடி கேட்டாள். "நான் நிக்கறது தெரிஞ்சுதா?"

"உங்க பூட்ஸ் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்த கூப்பிட்டா என்ன, பாவி மனுஷா?"

"கொஞ்சம் தாங்கலாம்னு பாத்தேன். அப்புறம் பேச்சு வரல." தண்ணீரைக் குடித்தார். "சந்திரன்ல நீங்க இருக்க மாட்டீங்களே, எர்லின். கூப்பிட்டுப் பழகிட்டா அங்க என்ன பண்ணுவேன்?"

அதுவரை அவளுக்கு இருந்தது வேலை பற்றிய பயம். அன்றிரவு முதல் அவரைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. வானத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அதே ஒத்திகையை ஹ்யூவிட் மறுபடி கேட்டு வாங்கினார். "இந்தத் தடவ நீங்க லாரிகிட்டயே இருங்க. நான் தனியா பழகணும்."

"சரி," என்றாள். சொல்லிவிட்டு, கூட்டம் ஹ்யூவிட் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்துச் சாம்பல் மேட்டின் பின்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவர் சாய்ந்தார். விரல் தாளம் தட்டியது. அது நிற்கும்போதெல்லாம் இவள் மூச்சும் நின்றது.

"மயக்கம் தெளிஞ்சதா வச்சுக்குங்க. சுத்திலும் என்ன தெரியுது?" என்று ஒலிபெருக்கி கேட்டது.

கவசம் மெதுவாக மேட்டுப் பக்கம் திரும்பியது. மேட்டுக்கு மேல் எட்டிப்பார்த்த அவள் தலைக்கு நேராக நின்றது.

"கல்லு, சாம்பல்," என்றார் ஹ்யூவிட். "வேற யாருமில்ல."

விரல் மறுபடி தாளம் தட்டத் தொடங்கியது, முன்னைவிடப் பலமாக, அவள் காதில் விழும்படி.