மாமியாரின் பெயர்

எருசலேமில் எங்கள் யூதத் தெருவில் நின்று ராகேல் என்று கூப்பிட்டால் பத்து ஜன்னல் திறக்கும். ஹெப்சிபா என்றால் ஒருத்திதான், உப்புமீன் கடை ஜூண்டலின் மகள். அவளைப் பெற்றதும் தாய் கண்ணை மூடிவிட்டாள். 'அம்மாவை முழுங்கிட்டுப் பொறந்தவ' என்று பேசிய பெண்களின் வாயை அடைக்க, ஜூண்டல் வேதத்தில் தேடி எடுத்த பெயர் அது. 'என் பிரியம் இவள்மேல்' என்று பொருள். கைவிடப்பட்டவள் என்று ஏசப்பட்ட இதே நகரத்துக்குத் தீர்க்கதரிசி ஒருவர் சொன்ன புதுப்பெயர்.

வளர்ந்ததும் அவளைப் புத்தகம் தைக்கும் கெட்ஸலுக்குப் பேசினார்கள். நிச்சயத்தன்று இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு தட்டை உடைக்க வேண்டும்; உடைத்தால்தான் சம்பந்தம் உறுதி. வெளியூரிலிருந்து அன்றுதான் வந்த மாப்பிள்ளையின் தாய் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மீன்காரர் மக, மீன்காரர் மகள்னே கடுதாசியில எழுதுறான் இவன். உம் பேரு என்னடி கண்ணு?" என்றாள்.

"ஹெப்சிபா."

"ஐயோ, அது என் பேராச்சே! டேய், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. மாத்திக்கிட்டாப் போச்சுன்னு இருந்தேன்," என்றான் கெட்ஸல்.

மாமியாரும் மருமகளும் ஒரே பெயரில் இருந்தால் ஒருத்தியின் ஆயுளை இன்னொருத்தி தின்பாள் என்பது எங்கள் பயம். தட்டு மேசைக்குத் திரும்பியது. ரெய்ஸல் என்று மாற்றிக்கொள்ளட்டும் என்றார் எங்கள் குருவான ரப்பி.

"மாத்திக்கோ கண்ணு. ஒரு பேருக்காக வாழ்க்கையைத் தொலைச்சிடாதே," என்று ஜூண்டலே கெஞ்சினார்.

"இதை விட்டா நான் அம்மாவை முழுங்கினவதானே, அப்பா?"

அவள் கெட்ஸலைப் பார்த்தாள். இந்தப் பெயரோடுதான் நீ எனக்கு வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த வார்த்தைக்காகவே பெயரை விட்டிருப்பாள். அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு, "சட்டுனு சரின்னு சொல்லேன். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்றான். அவள் தட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டாள்.

திமிர் பிடித்தவள் என்று பெயரானது. அதன்பின் வரன் எதுவும் வரவில்லை. அப்பா போனபின் கடையில் அவள் மட்டும் நின்றாள்.

பல வருடம் கழித்து, ஓய்வுநாளுக்கு முந்தின மதியம், சந்தை நெரிசலில் ஒரு குரல் கேட்டது.

"ஹெப்சிபா! என் தங்கமே, எங்க போயிட்டே?"

கெட்ஸலின் குரல். ஈரக் கையோடு கடையை விட்டு இறங்கிவிட்டாள் பாவம். மீன் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். கெட்ஸலின் தாய் இறந்த பிறகு பிறந்த அவன் மகள். போனவர்கள் பெயரைத்தானே நாங்கள் பிள்ளைகளுக்கு வைப்போம்?

அந்தப் பெயரை அவன் இவ்வளவு ஆசையாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சிறுமி நிமிர்ந்து பார்த்து, "அத்தை, உங்க பேரு என்ன?" என்றாள். கெட்ஸல் தலை குனிந்துகொண்டான்.

"ரெய்ஸல்," என்றாள் அவள். பிறகு நல்ல மீனாகப் பார்த்து எடுத்து, தாளில் சுற்றிக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.