பின்சீட்டில் படுத்துப் பார்த்தவர்

கல்வராயன் மலைக் காவல் நிலையத்துப் பழைய ஜீப்பைக் கழித்துவிட்டுப் புது வண்டி வாங்கவேண்டும். பார்ப்பதற்காக மூன்று வண்டிகள் கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தன. இருபது வருஷமாக அந்த ஜீப்பை ஓட்டிய டிரைவர் பாவாடையை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டிருந்தார்.

பாவாடை பானெட்டைத் திறக்கவில்லை, சாவியைக்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் பின்பக்கம் ஏறி, மல்லாந்து படுத்துக் காலை நீட்டிப் பார்த்தார்.

“இன்னாய்யா, தூங்கவா வந்தே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

மூன்றாவது வண்டியில்தான் கால் முழுதாக நீண்டது. “இதுவே இருக்கட்டுங்க ஐயா.”

“ஏன்யா, அக்யூஸ்டு படுத்துக்கினா வரப்போறான்?”

“அவன் குந்திக்கினே வந்துடுவான், ஐயா. இடுப்பு வலி கண்ட பொம்பள படுத்துக்கினுதான் வரணும். மலையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு நான் ஜாஸ்தி எறக்கினது அவங்களத்தான்.”